ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

கணிதத்தின்பால் நீங்கள் ஈர்க்கப்பட்டது எவ்வாறு?
படிவம் கேட்கிறது.
ஐந்நூறு சொல், ஆங்கிலத்தில்,
இன்று நள்ளிரவுக்குள்.

மன்னார்குடி பந்தலடியில்
பிரவுசிங் சென்டருக்கு மணிக்கு முப்பது ரூபாய்.
முதல் வரிக்கே
பதினெட்டு ரூபாய் ஆகிவிட்டது.

சிறு வயது முதலே கணிதம் என் உயிர்
என்று அடித்தேன். அழித்தேன்.
சிறு வயதில் என் உயிர்
காயாத ஜவ்வரிசி வடாம்.

கடை பார்க்கும் ஆரிபா எட்டிப் பார்த்து
"பேஷன்னு ஒரு வார்த்தை போடுடி,
எல்லாரும் போடுறாங்க" என்றாள்.
எங்கள் தெருவில் பேஷன் என்பது
தவணை கட்டாமல்
பைனான்ஸ்காரன் தூக்கிப்போன வண்டி.

வெண்ணாறு நீடாமங்கலத்தில்
மூன்றாகப் பிரிவதைப் பற்றி
ஒரு பத்தி எழுதினேன்.
கிளை, கிளைக்குள் கிளை, கடைமடை,
அதிலிருந்து கோட்டுருவியல்.
அழகாகத்தான் இருந்தது,
சுற்றுலாத் துறைப் பலகை மாதிரி.
தண்ணீர் வராத வருடம்
இந்தக் கோட்டுருவியல் எங்கே போயிருந்தது?
அதையும் எடுத்துவிட்டேன்.

நடந்தது இதுதான்.

போன வருஷம் மாசி.
கொள்முதல் நிலையத்துச் சீட்டு,
முன்பக்கம் ஈரப்பதம் பதினேழு,
பின்பக்கம் வெள்ளை.
வளையலை வைத்து ஒரு வட்டம் போட்டேன்.
விளிம்பில் புள்ளிகள்,
ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் கோடு.
வட்டம் எத்தனை துண்டாகும்?
இரண்டு புள்ளிக்கு இரண்டு.
மூன்றுக்கு நான்கு. நான்குக்கு எட்டு.
ஐந்துக்குப் பதினாறு.
ஆறுக்கு எண்ணவே வேண்டாம்,
முப்பத்திரண்டு என்று எழுதிவிட்டுத் தூங்கலாம்.

எண்ணினேன்.
முப்பது.
ஒரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
நடுவில் எள்ளளவு முக்கோணம் திறந்தது.
முப்பத்தொன்று.
அதற்கு மேல் திறக்க ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் ஒன்று குறைந்தால்
யாரோ எடுத்திருக்கிறார்கள்.
லாரியில் ஏறிய கணக்குக்கும்
கிடங்கில் இறங்கிய கணக்குக்கும் நடுவே
காணாமல் போன ஒற்றைச் சிப்பத்துக்காக
மூன்று வாரக் கூலியை
எண்ணி வைத்தவர் அப்பா.
எடுத்தது அவரில்லை.
தூக்கியது அவர்.

பத்து இரவு தேடினேன்.
வளையலை விட்டுத் தட்டு, தட்டை விட்டு அண்டா மூடி.
துண்டுகளுக்கு நகப்பூச்சில் நிறம் அடித்தேன்.
தங்கச்சி பூச்சைக் காணோம் என்று அழுதாள்.

பதினோராவது இரவு
துண்டுகளை விட்டுவிட்டுக் கோடுகளை எண்ணினேன்: பதினைந்து.
கோடும் கோடும் வெட்டும் இடங்கள்: பதினைந்து.
வரும் ஒவ்வொரு கோடும் ஒரு துண்டு கூட்டும்,
ஒவ்வொரு வெட்டும் இன்னொன்று.
ஒன்றும் பதினைந்தும் பதினைந்தும்.

யாரும் எடுக்கவில்லை.
அது இருந்ததே இல்லை.

அப்பாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருந்தது.
நாலு மணி லோடுக்குப் போகிறவர்.
விட்டுவிட்டேன்.
சுவரில் சாய்ந்து
தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்,
அம்மா பார்த்திருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பாள்.

இதைத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.
கணக்கு என்று நாங்கள் சொல்லும் ஒரே சொல்லுக்கு
அங்கே நாலைந்து சொல் இருக்கிறது.
படிப்புக்கு ஒன்று, கடைக்கு ஒன்று,
மனசுக்குள் போடுவதற்கு ஒன்று.
அப்பா தலையில் எழுதியதற்கு
எது என்று தெரியவில்லை.
சிப்பத்தை எழுதவில்லை.
தந்தையின் தொழிலுக்குக் கீழே
நான்கு கட்டம் இருந்தது.
கடைசியைத் தொட்டேன்: பிற.

பதினொன்றரை.
ஆரிபா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.
இன்னும் நூற்றுப் பத்து சொல் மிச்சம் என்கிறது பெட்டி.
நன்றி சொல்லலாம். கனவு என்று ஏதாவது சொல்லலாம்.
நான் எழுதியது:
ஏழு புள்ளிக்கு ஐம்பத்தேழு வரும்.
நம்ப வேண்டாம்,
ஒரு வளையல் எடுத்துப்
போட்டுப் பாருங்கள்.